ரோட்ஸ் தீவில் இறங்கியதும் பழைய நகரத்தை எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: கிரீஸின் ரோட்ஸ் தீவுக்குக் கப்பலில் போகிறோம். கையில் ஒன்றரை நாள் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் பழைய நகரத்தை எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது, எதை விட்டுவிடலாம், தெற்கே இருக்கும் லிண்டோஸ் என்ற ஊரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் பக்க வாசல் வழியாக உள்ளே போங்கள். இரவு கோட்டைக்குள்ளேயே தங்குங்கள். எல்லாரும் கூடுகிற வடக்குப் பகுதியை அரை நாளில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தைத் தெற்கே இருக்கும் சந்துகளுக்குக் கொடுங்கள். வடக்கில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் இங்கே ஆண்ட இத்தாலியர்கள் கையால் துடைத்துச் சீர்செய்யப்பட்டது. தெற்கில் அந்தக் கை அவ்வளவாகப் படவில்லை. இந்த வித்தியாசம் தெரிந்து நடந்தால் ஊர் முழுக்க வேறு மாதிரித் தெரியும். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வந்து சேரும் விஷயம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஏதாவது ஒன்றில் மாறி ஏதென்ஸ் போய், அங்கிருந்து ஒரு மணி நேர விமானம் பிடிப்பதுதான் வழக்கமான வழி. ஷெங்கன் விசா வேண்டும். ஏதென்ஸ் பக்கத்தில் உள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. ஓர் இரவு முழுக்க ஆகும், சில கப்பல்களில் அடுத்த நாள் பகலிலும் கொஞ்சம் சேரும். நேரம் இருப்பவர்களுக்கு நான் கப்பலைத்தான் சொல்வேன். இந்த ஊர் கடலைப் பார்த்துக் கட்டப்பட்ட ஊர். மதில், கொத்தளம், பின்னால் மினாரெட், மேட்டில் அரண்மனை என்று ஒவ்வொன்றாக எழும்பி வருவதைக் கப்பல் மேல்தளத்திலிருந்துதான் பார்க்க முடியும்.

பிரேயஸ் கப்பல்கள் பெரும்பாலும் அகாண்டியா துறையில் நிற்கும். அங்கிருந்து மதிலுக்குக் கால் மணி நேர நடை. உல்லாசக் கப்பல்கள் இன்னும் பக்கத்தில், கிழக்கு மதிலுக்கு எதிரிலேயே கட்டுவார்கள். விமானத்தில் வந்தால் ஊருக்குத் தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில் பரடிஸி கிராமத்தை ஒட்டி இறங்குவீர்கள். டியாகோரஸ் விமான நிலையம். கி.மு. 464ல் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் வென்ற ரோட்ஸ்காரரின் பெயர் அது. அவருடைய பிள்ளைகளும் ஒலிம்பிக்கில் வென்றவர்கள். அங்கிருந்து ஊருக்குப் பேருந்து வருகிறது. மண்ட்ராக்கி என்ற சின்னத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டைக்குள் தெருக்களில் பெரும்பாலும் வண்டி வராது. தரை முழுக்கக் கடற்கரைக் கூழாங்கற்களை நெட்டுக்குத்தலாகப் பதித்திருப்பார்கள். சக்கரப் பெட்டி அதில் உருளாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முதுகுப் பையாக இருந்தால் நிம்மதி. செருப்பும் மெல்லிய அடி உள்ளதாக இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் நடந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் குத்தும்.

மண்ட்ராக்கியில் இறங்கியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: பழங்கால ஏழு அதிசயங்களில் ஒன்றான அந்தப் பெரிய சிலை இங்கேதானே நின்றது? துறைமுக வாயிலில் இரண்டு தூண்கள் மேல் மான் சிலைகள் இருக்கின்றன. சூரியக் கடவுள் ஹீலியோஸ் அந்த இரண்டு இடத்திலும் கால் வைத்து நின்றதாகவும், கப்பல்கள் கால்களுக்கு நடுவே போனதாகவும் படம் போட்டு விற்கிறார்கள். அது பிற்காலக் கற்பனை. சிலை இருந்தது உண்மை. கி.மு. 305ல் டெமெட்ரியஸ் என்ற அரசன் பெரும் படையோடு வந்து முற்றுகையிட்டு, ஊரைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனான். அவன் விட்டுப்போன முற்றுகைக் கருவிகளை விற்ற காசில், லிண்டோஸ் ஊர்க்காரரான காரெஸ் என்ற சிற்பி செய்தது. சுமார் 33 மீட்டர் உயரம். கி.மு. 226ல் வந்த நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. விழுந்து கிடந்தபோதும் பார்க்க ஆள் வந்தார்களாம். அதன் கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்கக்கூடிய கைகள் அபூர்வம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இன்று அதில் ஒரு துண்டுகூட இல்லை. ஆகவே மண்ட்ராக்கியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மூன்று பழைய காற்றாலைகளையும் முனையில் இருக்கும் புனித நிக்கோலஸ் கோட்டையையும் பார்த்துக்கொண்டே மதிலோரமாகத் தெற்கே நடங்கள்.

இப்போது வாசல். மண்ட்ராக்கிப் பக்கமிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் சுதந்திர வாசல் வழியாக நுழைகிறார்கள், அதுதான் முதலில் வரும். அது 1924ல் இத்தாலியர்கள் மதிலை உடைத்துத் திறந்த வழி. அதைத் தாண்டி இன்னும் ஐந்து நிமிடம் நடந்தால் கடல் வாசல் வரும். கிரேக்கத்தில் தலாஸினி. உள்ளே ஓடிவிடாமல் வெளியே நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பருத்த வட்டக் கொத்தளங்கள். நடுவில், வாசலுக்கு மேலே, குழந்தையோடு மாதா. அவருக்கு இரு பக்கமும் பேதுருவும் பவுலும். 1478ல் கட்டியது. துறைமுகத்தில் சரக்கு இறக்கிய வியாபாரியும், யாத்திரை போகிற வழியில் இறங்கியவனும், அடிமையாகப் பிடித்து வரப்பட்டவனும் இந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள். கட்டி இரண்டே வருடத்தில், 1480ல், துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுப் படை முற்றுகையிட்டது. ஊர் தாக்குப்பிடித்தது. அடுத்த வருடமே பெரிய நிலநடுக்கம். அதிலிருந்தும் எழுந்து மதிலை இன்னும் தடிமனாக்கினார்கள்.

யார் இவர்கள்? புனித யோவான் சபையின் நைட்டுகள். ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்துவதற்காகத் தொடங்கப்பட்ட துறவுச் சபை. பிறகு ஆயுதமும் எடுத்தார்கள். 1291ல், சிலுவைப் போர் வீரர்கள் வசமிருந்த ஆக்கர் நகரம் வீழ்ந்ததும் புனித பூமியை விட்டு சைப்ரஸ் போய், அங்கிருந்து 1309ல் ரோட்ஸில் நிலைகொண்டார்கள். 1522 வரை இந்தத் தீவு அவர்களுடையது. பிறகு ஒட்டோமான், 1912ல் இத்தாலி, 1943ல் ஜெர்மன் படை, போர் முடிந்ததும் கொஞ்ச காலம் பிரிட்டிஷ் நிர்வாகம், 1947 உடன்படிக்கைக்குப் பிறகு கிரீஸ். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மிச்சத்தைச் சுவர்களே சொல்லும்.

கடல் வாசலைத் தாண்டியதும் ஹிப்போகிரட்டஸ் சதுக்கம். நடுவில் நீரூற்று, ஒரு பக்கம் வெளிப்படிக்கட்டோடு 1507ஆம் வருடக் கட்டடம். வியாபார வழக்குகளை விசாரித்த இடம். இங்கே சுற்றிலும் உணவகங்கள், வாசலில் நின்று கூப்பிடுவார்கள். நிற்காமல் வலது பக்கம் திரும்பி, தொல்லியல் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் போங்கள்.

அந்த அருங்காட்சியகம்தான் நைட்டுகளின் மருத்துவமனை. 1440ல் தொடங்கி 1489ல் முடித்தார்கள். இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குத்தான் போகச் சொல்வேன், மேலே இருக்கும் அரண்மனைக்கு இல்லை. மாடியில் நோயாளிகள் படுத்திருந்த நீண்ட கூடம் இருக்கிறது. நடுவில் வரிசையாகத் தூண்களும் வளைவுகளும். சுவரோரம் சின்னச் சின்ன அறைகள். ஒரு பக்கத்தில் ஜெபம் சொல்வதற்கான மாடம். படுக்கையில் கிடந்தபடியே பூசை பார்க்கலாம். அந்தக் கூடத்தில் இப்போது நைட்டுகளின் கல்லறைக் கற்களை வைத்திருக்கிறார்கள். சண்டைக்காரர்கள் என்று மட்டும் இவர்களை நினைத்து வந்தவர்களுக்கு இந்தக் கூடம் வேறொன்றைக் காட்டும்.

உள்ளே பார்ப்பதற்கு எத்தனையோ இருக்கின்றன. எல்லாரும் தேடிப் போவது தலைமுடியைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருக்கும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் சின்னச் சிலையை. அரை மீட்டர்கூட இல்லாத பளிங்கு. அழகுதான். ஆனால் நான் உங்களை நிற்கச் சொல்வது வேறொரு கல்லின் முன்னால். கமிரோஸ் என்ற பழைய ஊரின் இடுகாட்டில் கிடைத்த, ஆளுயரக் கல்லறைப் பலகை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதில் இரண்டு பெண்கள். அம்மா டிமரிஸ்டா, மகள் கிரிட்டோ. பெயர்கள் மேலே வெட்டியிருக்கின்றன. இறந்தவள் அம்மா. மகள் துக்கத்துக்காக முடியைக் கத்தரித்திருக்கிறாள். தலை குனிந்து அம்மாவைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் கை மகளின் கழுத்தைச் சுற்றியிருக்கிறது, ஆனால் கால் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. கிளம்பிவிட்டாள். அந்தக் காலின் திசையைக் கவனித்துப் பாருங்கள். அதற்கப்புறம் சீக்கிரம் நகர முடியாது.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். இரண்டு கைப்பிடி வைத்த உயரமான மது ஜாடிகள், ஆம்போரா. ரோட்ஸ் ஜாடியின் கைப்பிடி மேலே போய் கூர்மையாக மடங்கும். அதில் சூரியக் கடவுளின் தலையோ ரோஜாவோ பொறித்த முத்திரையும் குத்தியிருப்பார்கள். முத்திரையில் அந்த வருடத்துப் பூசாரியின் பெயர் இருப்பதால் காலத்தைக் கணிக்கலாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த ஆம்போராத் துண்டுகளில் கோஸ், நிடோஸ் வகைகளோடு ரோட்ஸ் வகையும் உண்டு. இந்தக் கடலின் மது நம் கரை வரை வந்திருக்கிறது. அதை அறிந்து அந்த ஜாடிக்கு எதிரில் நிற்கிற தமிழர் நீங்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வெளியே வந்தால் நைட்டுகள் தெரு தொடங்குகிறது. இப்போட்டோன் என்று பலகை இருக்கும். தொடக்கத்திலேயே ஒரு பழைய தேவாலயம், கோட்டை மாதா கோயில். முதலில் பைசாந்தியக் கிரேக்கர்களுடையது, பிறகு நைட்டுகளின் காலத்தில் லத்தீன் பேராலயம், பிறகு மசூதி, இப்போது காட்சிக்கூடம். ஒரே கூரையின் கீழ் ஊரின் வரலாறு முழுக்க நடந்து முடிந்திருக்கிறது.

தெரு சுமார் 200 மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மெதுவாக மேடேறும். நூல் பிடித்தது போல் நேராக இருப்பதற்குக் காரணம் நைட்டுகள் இல்லை. கி.மு. 408ல் இயாலிசோஸ், கமிரோஸ், லிண்டோஸ் ஆகிய மூன்று ஊர்களும் சேர்ந்து இந்தப் புதிய நகரத்தை உண்டாக்கியபோது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டுத் தெரு அமைத்தார்கள். துறைமுகத்திலிருந்து மேட்டுக்குப் போன அந்தப் பழைய சாலையின் மேல்தான் நைட்டுகள் வீடு கட்டினார்கள். நீங்கள் மிதிக்கும் கோடு அவர்களை விட ஆயிரத்து எழுநூறு வருடம் மூத்தது.

சபை எட்டு மொழிப் பிரிவுகளாக இருந்தது: புரோவென்ஸ், ஓவெர்ன், பிரான்ஸ், இத்தாலி, அரகோன், காஸ்டைல், இங்கிலாந்து, ஜெர்மனி. ஒவ்வொரு பிரிவுக்கும் கூடிச் சாப்பிட, விருந்தாளியைத் தங்கவைக்க ஒரு மாளிகை. இந்தத் தெருவில் அவற்றில் பல வரிசையாக நிற்கின்றன. முகப்பில் சின்னங்கள் பதித்திருக்கும். பிரெஞ்சுப் பிரிவின் மாளிகைதான் மிகவும் அலங்காரமானது, லில்லி மலர்ச் சின்னத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். தெருவில் கடையே கிடையாது. பகலில்கூட அமைதியாக இருக்கும்.

அந்த அமைதியும் சுத்தமும் எப்படி வந்தன என்பதைத்தான் முதலில் சொன்னேன். ஒட்டோமான் காலத்தில் இந்த மாளிகைகளில் துருக்கியக் குடும்பங்கள் குடியிருந்தன. மாடியிலிருந்து மரத்தாலான மூடு பலகணிகள் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. இத்தாலியர்கள் வந்ததும் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, நைட்டுகள் காலத்துத் தோற்றம் இதுதான் என்று தாங்கள் தீர்மானித்ததற்குத் தெருவைத் திருப்பினார்கள். அவர்களுடைய வேலையில் கைத்திறன் இருக்கிறது, இடிந்து போகவிருந்த எத்தனையோ கட்டடங்களைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நாலு நூற்றாண்டு வாழ்ந்தவர்களின் தடத்தை ஒரு தெருவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

தெருவின் உச்சியில் இருக்கும் சபைத் தலைவர் அரண்மனையில் இது இன்னும் அப்பட்டம். பழைய அரண்மனை ஒட்டோமான் காலத்தில் சிறையாக இருந்தது. எதிரில் இருந்த புனித யோவான் தேவாலயத்துக்கு அடியில் யாரோ எப்போதோ அடுக்கிவைத்த வெடிமருந்து 1856ல் இடி விழுந்து வெடித்தது. தேவாலயம் போனது, அரண்மனையின் பெரும்பகுதியும் போனது, பல நூறு பேர் இறந்தார்கள். இன்று நிற்பது 1937 முதல் 1940 வரை இத்தாலியக் கட்டடக் கலைஞர் விட்டோரியோ மெஸ்டுரினோ எழுப்பியது. இத்தாலி மன்னரும் முசோலினியும் வந்து தங்குவதற்காக. மாடி அறைகளின் தரையில் பதித்திருக்கும் மொசைக்குகள் பக்கத்துக் கோஸ் தீவிலிருந்து கொண்டுவந்தவை. அவை உண்மையிலேயே பழமையானவை, அபாரமானவை. மெடூசாவின் தலை இருக்கும் தரையை நன்றாகப் பாருங்கள். மொசைக்குகளுக்காகப் போங்கள், ஒரு மணி நேரம் போதும். இடைக்கால அரண்மனையைப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு மட்டும் வெளியே வராதீர்கள்.

அரண்மனையிலிருந்து தெற்கே இறங்கினால் சுலைமானியே மசூதி, வெளிர் ரோஜா நிறச் சுவர். 1522 வெற்றிக்குப் பிறகு எழுந்தது, 1808ல் புதுப்பித்துக் கட்டியது. எதிரிலேயே ஹாஃபிஸ் அகமது ஆகா நூலகம், 1793ல் தொடங்கியது. அரபி, பாரசீகம், துருக்கி மொழிக் கையெழுத்துப் பிரதிகள் உள்ள சின்ன இடம். முற்றம் அருமையாக இருக்கும், திறந்திருந்தால் நுழைந்துவிடுங்கள். அங்கிருந்து கீழே போகிற சாக்ரடீஸ் தெரு பழைய கடைவீதி. இன்று தோல் பை, காந்தப் பொம்மை, டி-சர்ட். வேகமாகக் கடந்துவிடலாம்.

சாக்ரடீஸ் தெருவுக்குத் தெற்கே எந்தச் சந்தில் வேண்டுமானாலும் நுழையுங்கள். ஐம்பது அடியிலேயே சத்தம் அடங்கிவிடும். பூனைகள், துணிக்கொடி, பூட்டிய முற்றங்களுக்குள்ளிருந்து வரும் சமையல் வாசனை. தலைக்கு மேலே, ஒரு வீட்டுச் சுவரிலிருந்து எதிர்வீட்டுச் சுவருக்குக் கல் வளைவுகள் போகும். அழகுக்குப் போட்டவை அல்ல. நிலநடுக்கம் வந்தால் ஒரு சுவரை இன்னொரு சுவர் தாங்குவதற்காக. நிலநடுக்கத்தோடு எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தால் இப்படி வீட்டோடு வீட்டைக் கோத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அயியு ஃபனூரியு தெருவைக் கேட்டுப் போங்கள். அதில் புனித ஃபனூரியோஸின் சின்னக் கோயில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கோயில் என்றே தெரியாது. உள்ளே பழைய சுவர் ஓவியங்கள் மங்கலாகத் தெரியும். இந்தப் புனிதரின் வழிபாடே ரோட்ஸில், 1500 வாக்கில் கண்டெடுத்த ஒரு படத்திலிருந்துதான் பரவியது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று கிரேக்கர்கள் நம்புகிறார்கள். சாவியோ நகையோ காணாமல் போனால் ஃபனூரோபிட்டா என்ற கேக் செய்து கோயிலுக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் பங்கிடுவார்கள். ஆகஸ்ட் 27 அவருடைய நாள். இந்தக் கோயிலும் ஒட்டோமான் காலத்தில் மசூதியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி டோரியோஸ் சதுக்கத்தில் 1588ல் கட்டிய ரெஜெப் பாஷா மசூதி. மர நிழல், அதிகக் கூட்டம் இல்லாத இடம்.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1522க்குப் பிறகு கிரேக்கக் கிறிஸ்தவர்கள் மதிலுக்குள் குடியிருக்கக் கூடாது என்று ஆனது. பகலில் வந்து வியாபாரம் செய்யலாம், பொழுது சாய்ந்தால் வெளியேற வேண்டும். மதிலுக்கு வெளியே தனித்தனிக் குடியிருப்புகள் அமைத்து வாழ்ந்தார்கள். உள்ளே வாழ்ந்தவர்கள் துருக்கியரும் யூதரும். துருக்கிய வம்சாவளி முஸ்லிம்கள் இன்றும் தீவில் இருக்கிறார்கள். யூதர்கள் வாழ்ந்த பகுதி கிழக்குப் பக்கம். மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு அங்கே போங்கள்.

கடல்குதிரை நீரூற்று இருக்கும் சதுக்கம் அது. பெயர் யூதத் தியாகிகள் சதுக்கம். ஸ்பெயினிலிருந்து 1492ல் விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் பிறகு இங்கே வந்து சேர்ந்தார்கள். லடினோ என்ற பழைய ஸ்பானிய மொழியை வீட்டில் பேசினார்கள். 1944 ஜூலையில் ஜெர்மன் படை அவர்களை ஒன்றுகூட்டிப் படகுகளில் ஏற்றி பிரேயஸுக்கும், அங்கிருந்து ரயிலில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கும் அனுப்பியது. ரோட்ஸிலிருந்து மட்டும் 1,600 பேருக்கு மேல். உயிரோடு மீண்டவர்கள் ஏறத்தாழ 150 பேர். அப்போது தீவில் துருக்கியத் தூதராக இருந்த செலாஹத்தின் உல்குமென், துருக்கியக் குடியுரிமை உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தன் நாட்டின் பாதுகாப்பில் இருப்பவர்கள் என்று ஜெர்மன் தளபதியிடம் நேரில் போய் வாதாடி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார். இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெம் 1989ல் அவரைக் கௌரவித்தது. சதுக்கத்தில் கறுப்புக் கல்லில், பல மொழிகளில், நினைவு வாசகம் இருக்கிறது. நிறையப் பேர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, எழுதியிருப்பதைப் படிக்காமலேயே போய்விடுகிறார்கள். நீங்கள் படியுங்கள்.

பக்கத்துச் சந்தில் கஹால் ஷாலோம் என்ற யூதத் தொழுகைக்கூடம். 1577. கிரீஸில் இன்றும் பயன்பாட்டில் உள்ள யூதத் தொழுகைக்கூடங்களில் மிகப் பழமையானது. தரையில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் கோலம். அருகிலேயே சின்ன அருங்காட்சியகம். குடும்பப் புகைப்படங்கள், கல்யாண உடைகள். தொல்லியல் அருங்காட்சியகத்தில் கிரிட்டோவின் கல்லைப் பார்த்தவர்கள் இங்கேயும் அதே பொறுமையோடு பாருங்கள். சனிக்கிழமை மூடியிருக்கும். சற்றுத் தள்ளி, நைட்டுகள் காலத்து மாதா கோயில் ஒன்று கூரையின்றி நிற்கிறது. அதன் நடுவிலேயே இன்று தெரு போகிறது.

அடுத்த நாள் காலையில் அகழிக்குள் இறங்குங்கள். கட்டணம் இல்லை. அரண்மனைக்குப் பக்கத்தில் டாம்புவாஸ் வாசல் அருகே இறங்க வழி இருக்கிறது. அதில் தண்ணீர் எப்போதும் இருந்ததில்லை, ஆழமான வறண்ட பள்ளம்தான். இரு பக்கமும் மதில், நடுவில் புல்லும் மரமும். ஆங்காங்கே கல் பீரங்கிக் குண்டுகள் கிடக்கும். மதிலின் நீளம் சுமார் நான்கு கிலோமீட்டர். ஒவ்வொரு பகுதியைக் காப்பதும் ஒரு மொழிப் பிரிவின் பொறுப்பு. 1522ல் ஒட்டோமான் சுல்தான் சுலைமானே நேரில் வந்து ஆறு மாதம் முற்றுகையிட்டபோது சண்டை மண்ணுக்கு அடியிலும் நடந்தது. மதிலின் அடிவாரம் வரை சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பது ஒட்டோமான்களின் வழி. நைட்டுகள் பக்கத்தில் கப்ரியேலே டாடினி என்ற இத்தாலியப் பொறியாளர் இருந்தார். தோலை இறுக்கிக் கட்டிச் சின்ன மணிகள் தொங்கவிட்ட மத்தளங்களைத் தரையில் வைத்தார். கீழே கடப்பாரை விழுந்தால் மேலே மணி அதிரும். அதிர்ந்த இடத்துக்கு நேராக எதிர்ச்சுரங்கம் தோண்டுவார்கள். அப்படியும் மதில் பல இடத்தில் உடைந்தது. டிசம்பரில் உடன்படிக்கை ஆனது. 1523 ஜனவரி 1ஆம் தேதி நைட்டுகள் ஆயுதங்களோடும் உடைமைகளோடும் கப்பலேறினார்கள். ஏழு வருடம் அலைந்து 1530ல் மால்டாவில் குடியேறினார்கள். மால்டாவுக்குப் போயிருந்தால் இந்தச் சின்னங்களை அங்கேயும் பார்த்திருப்பீர்கள்.

மதில் மேல் நடக்கவும் வழி உண்டு, ஆனால் குறிப்பிட்ட நாள், நேரங்களில் மட்டும். அரண்மனைச் சீட்டு கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

எப்போது நடப்பது என்பதற்கு ஒரே விதி. உல்லாசக் கப்பல்காரர்கள் பத்து மணிக்குமேல் குவிவார்கள், மாலையில் போய்விடுவார்கள். ஆகவே வடக்குப் பகுதியைக் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள், நடுப்பகலை அருங்காட்சியகத்துக்குள் கழியுங்கள், நாலு மணிக்கு மேல் தெற்குச் சந்துகள். கோட்டைக்குள் தங்கச் சொன்னதும் இதற்காகத்தான். இரவு ஒன்பது மணிக்கு நைட்டுகள் தெருவில் நீங்கள் மட்டும் நடக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் கடுமை. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. நடுக்குளிர்காலத்தில் நிறையக் கடைகளும் விடுதிகளும் மூடிவிடும்.

சாப்பாட்டுக்கு ஹிப்போகிரட்டஸ் சதுக்கத்தைத் தவிருங்கள். சந்துக்குள் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பாருங்கள். அசைவம் சாப்பிடாதவர்களும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிட்டரூதியா என்று கேளுங்கள், கொண்டைக்கடலையை அரைத்து வெங்காயம், தக்காளி, புதினா சேர்த்துப் பொரிப்பார்கள். நம் மசால் வடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். மெலெகூனி என்ற எள்ளும் தேனும் சேர்ந்த இனிப்பு இந்தத் தீவின் கல்யாணப் பலகாரம். ஊருக்கு வாங்கி வர அதுவே நல்லது, காந்தப் பொம்மை வேண்டாம்.

கடைசியாக லிண்டோஸ். தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாறை உச்சியில் அத்தீனா கோயில், கீழே வெள்ளை வீடுகள், இரு பக்கமும் கடல். பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றரை நாளில் அரை நாளை அதற்குக் கொடுத்தால், வெட்டுப்படுவது அரண்மனையாக இருக்காது, தெற்குச் சந்துகளும் யூதர் பகுதியும் அகழியும்தான். எல்லாருடைய பயணத்திலும் அப்படித்தான் நடக்கிறது. இன்னொரு நாள் கூட்ட முடிந்தால் லிண்டோஸ் போங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். போகிறீர்கள் என்றால் காலையில் முதல் பேருந்தையே பிடியுங்கள். மேலே ஏறும் வழியில் நிழல் கிடையாது, பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும்.